முன்தோல்: தள்ளவும் வேண்டாம், அவசரப்பட்டு வெட்டவும் வேண்டாம்

ஆண்குறியின் மொட்டைப் போர்த்தியிருக்கும் இரட்டை மடிப்புத் தோலுக்கு முன்தோல் என்று பெயர். இதைப் பற்றி நம் வீடுகளில் மூன்று கருத்துகள் கேள்வி கேட்பாரின்றி நிலைத்திருக்கின்றன. அது அழுக்குச் சேரும் இடம் என்பது ஒன்று. குழந்தைக்குத் தினமும் அதைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவாவிட்டால் ஒட்டிக்கொண்டுவிடும் என்பது இன்னொன்று. நான்கைந்து வயதாகியும் தோல் நீங்கவில்லை என்றால் வெட்டிவிடுவதே நல்லது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கைதான்: முன்தோல் உடலுக்குத் தேவையில்லாத மிச்சத் தோல். அந்த நம்பிக்கையும் தவறு. அதிலிருந்து வந்த மூன்று கருத்துகளும் தவறு. பச்சைக் குழந்தையின் முன்தோல் மொட்டோடு ஒட்டியிருப்பது இயற்கை. அது தன் காலத்தில் தானே பிரியும். அதுவரை அதை வலிந்து தள்ளாமல் விடுவதுதான் சரியான பராமரிப்பு.

சமயக் கடமையாகச் செய்யப்படும் சுன்னத் இங்கே விவாதப் பொருள் அல்ல. அது நம்பிக்கை சார்ந்தது. அதன் நியாயத்தை மருத்துவத்தில் தேட வேண்டிய அவசியம் இல்லை. இங்கே மறுக்கப்படுவது, மருத்துவத்தின் பெயரால் சொல்லப்படும் காரணங்கள் மட்டுமே.

உறுப்பின் அமைப்பு

முன்தோலுக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. வெளியடுக்கு ஆண்குறியின் உடல்தோலின் தொடர்ச்சி. நுனியில் அது உட்புறமாக மடிந்து, மெல்லிய ஈரப்பதமான உட்படலமாக மாறி, மொட்டின் கழுத்துக்குப் பின்னால் போய்ச் சேர்கிறது. இந்த மடிப்பு விரிந்து கொடுப்பதால்தான் தோல் பின்னுக்குப் போகவும் முன்னுக்கு வரவும் முடிகிறது. இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே டார்ட்டாஸ் எனப்படும் மெல்லிய தசைநார்ப் படலம் ஓடுகிறது. அதன் இழைகள் நுனியைச் சுருக்கி வைத்திருப்பதால், குழந்தையின் முன்தோல் வாய் சிறுநீர் வெளியேறும் அளவுக்கு மட்டும் திறந்து மற்ற நேரம் மூடியே இருக்கும்.

அடிப்பக்கத்தில் ஃப்ரெனுலம் என்னும் சிறு மடிப்பு முன்தோலை மொட்டோடு இணைக்கிறது. அதற்குள் சிறிய இரத்தக்குழாய் ஒன்று ஓடுவதால், அந்த மடிப்பு கிழிந்தால் எதிர்பாராத அளவுக்கு இரத்தம் வரும். உட்படலம் தொடங்கும் இடத்தில் மேடும் பள்ளமுமான ஒரு வளையப் பகுதி இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த ஜான் டெய்லரும் அவருடைய குழுவினரும் 1996இல் இதை விரிவாக விவரித்தார்கள். விரல் நுனியில் மென்தொடுதலை உணரவைக்கும் மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகள் இந்தப் பகுதியில் நிறைய உள்ளன. மிச்சத் தோல் என்று தள்ளிவிடக்கூடிய அமைப்பு அல்ல இது.

பிறப்பில் ஏன் ஒட்டியிருக்கிறது

கருவின் எட்டாவது வாரத்தை ஒட்டி மொட்டின் அடியிலிருந்து ஒரு தோல் மடிப்பு வளரத் தொடங்குகிறது. ஏறத்தாழ பதினாறாவது வாரத்தில் அது மொட்டை முழுதும் மூடிவிடுகிறது. அப்போது மொட்டின் மேற்பரப்பும் முன்தோலின் உட்புறமும் ஒரே செல் அடுக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. நகம் அதன் அடிச்சதையோடு சேர்ந்திருப்பதுபோல இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. நடுவில் இடைவெளி என்று ஒன்று இன்னும் உருவாகவே இல்லை. ஆகவே, 'கழுவாமல் விட்டதால் ஒட்டிக்கொண்டது' என்று சொல்வது நடந்ததைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது. பிரிந்திருந்த ஒன்று அங்கே போய் ஒட்டவில்லை. ஒட்டியிருந்த ஒன்று இன்னும் பிரியவில்லை.

பிரிதல் மெல்ல நடக்கிறது. பொதுவான செல் அடுக்கில் ஆங்காங்கே செல்கள் இறந்து உதிர்கின்றன. உதிர்ந்தவை சிறு சிறு வெள்ளை உருண்டைகளாகச் சேர்கின்றன. அந்த இடங்கள் ஒன்றோடொன்று இணைந்து இடைவெளியாகின்றன. உறுப்பின் வளர்ச்சியும், பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்களும் மீதி வேலையை முடிக்கின்றன. தோலுக்கு அடியில் அரிசிமணி அளவில் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ ஒரு கட்டி தெரிந்தால் பெற்றோர் சீழ் என்று பயந்து ஓடிவருகிறார்கள். வலியும் சிவப்பும் காய்ச்சலும் இல்லையென்றால் அது சீழ் அல்ல; உதிர்ந்த செல்களின் திரட்டு. பிரிதல் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. சிறுநீர் கழிக்கும்போது முன்தோல் சற்று உப்பி வடிவதும் இந்தக் கட்டத்தில் வரக்கூடியதே. சிறுநீர் தாராளமாகப் போய், குழந்தைக்கு வலியும் இல்லையென்றால் அதற்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம்.

எந்த வயதில் பிரிய வேண்டும் என்ற கேள்விக்கு முதலில் எண்களோடு பதில் தேடியவர் பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர். 1949இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் எழுதிய கட்டுரையின்படி, பிறந்த குழந்தைகளில் 4 சதவீதத்தினருக்கு மட்டுமே முன்தோல் முழுதாகப் பின்னுக்குச் சென்றது. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு குழந்தைகளிடம் காணப்படும் நிலையைத்தான் நாம் குறை என்கிறோம். ஆனால் மூன்று வயதுக்குள் 90 சதவீதத்தினருக்குப் பிரிந்துவிடும் என்று அவர் சொன்ன கணக்கு, மூன்று வயதே கெடு என்ற எண்ணத்துக்கு இடம்கொடுத்தது. டென்மார்க்கின் யாக்கோப் ஓஸ்டர் பள்ளிச் சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து 1968இல் வெளியிட்ட ஆய்வு இதைத் திருத்தியது. ஆறு, ஏழு வயதில் 63 சதவீதத்தினருக்கு ஏதோ ஓர் அளவில் ஒட்டுதல் இருந்தது. பதினாறு, பதினேழு வயதில் அது 3 சதவீதமாகக் குறைந்தது. முன்தோல் வாய் இறுக்கமும் அதே காலத்தில் 8 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாக இறங்கியது. இவ்வளவு குறைந்ததற்குக் காரணம் அறுவைச் சிகிச்சை அல்ல, காலம்தான். ஐந்து வயதுச் சிறுவனுக்குத் தோல் நீங்கவில்லை என்று கவலைப்படுவது, மீசை முளைக்கவில்லை என்று கவலைப்படுவதற்குச் சமம்.

தினமும் தள்ளுவதால் என்ன ஆகிறது

தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, முன்தோலைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் தள்ளி எண்ணெய் விடும் வழக்கம் உண்டு. செய்கிறவர் பாட்டியாக இருக்கலாம், கூலிக்குக் குளிப்பாட்ட வருபவராக இருக்கலாம். இருவருக்கும் நோக்கம் நல்லதே. சில இடங்களில் மருத்துவப் பணியாளர்களே 'தினமும் தள்ளிவிடுங்கள்' என்று சொல்லி அனுப்புவதும் நடக்கிறது. நோக்கம் எதுவானாலும் தோலுக்கு நேர்வது ஒன்றுதான்.

இன்னும் பிரியாத செல் அடுக்கு வலிந்து கிழிக்கப்படுகிறது. மொட்டின் மேற்பரப்பும் முன்தோலின் உட்புறமும் இரண்டும் புண்ணாகின்றன. புண்ணான இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஆறும்போது, முன்பு இல்லாத நிஜமான ஒட்டுதல் உண்டாகிறது. முன்தோல் வாயில் ஏற்படும் நுண்ணிய வெடிப்புகள் ஆறும்போது தழும்பாகின்றன. தழும்பு சுருங்கும் தன்மை கொண்டது; வாய் வளையமாக இறுகிவிடுகிறது. எந்த இறுக்கம் வராமலிருக்கத் தள்ளினார்களோ, அந்த இறுக்கம் தள்ளியதாலேயே வந்துசேர்கிறது. பிறகு அதே தழும்பைக் காட்டி, 'பார்த்தீர்களா, வெட்டத்தான் வேண்டும்' என்று முடிவு சொல்லப்படுகிறது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. வலுக்கட்டாயமாகப் பின்னுக்குப் போன இறுக்கமான தோல், திரும்பி வராமல் மொட்டின் கழுத்தில் சிக்கிக்கொள்ளலாம். இதற்குப் பாராஃபைமோசிஸ் என்று பெயர். இரத்தம் திரும்ப வழியில்லாமல் மொட்டு வீங்கும். வீங்க வீங்க இறுக்கம் கூடும். கவனிக்காமல் விட்டால் திசு அழுகும். இது சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம்.

'அழுக்கு' என்ற குற்றச்சாட்டு

முன்தோலுக்கடியில் சேரும் வெண்ணிறப் படிவுக்கு ஸ்மெக்மா என்று பெயர். உதிர்ந்த செல்களும், தோலின் எண்ணெய்ப் பசையும், ஈரமும் சேர்ந்ததே அது. பெண்களின் பிறப்புறுப்பு மடிப்புகளிலும் இதே பொருள் உண்டாகிறது. அதற்காக அந்த மடிப்புகளை வெட்ட வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. பெரியவர்களிடம் இது நாள்கணக்கில் தேங்கினால் நாற்றமும் எரிச்சலும் வரும் என்பது உண்மை. அதற்குத் தீர்வு தண்ணீர்.

ஸ்மெக்மா புற்றுநோயை உண்டாக்கும் என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பரவியது. அதற்குத் திடமான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆண்குறிப் புற்றுநோயின் காரணங்களாக இன்று அறியப்படுபவை ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், புகையிலை, நாள்பட்ட அழற்சி, பெரியவர்களில் நீங்காத முன்தோல் இறுக்கம் ஆகியவை. நம் நாட்டில், குறிப்பாகக் கிராமப்புற ஏழைகளிடையே, இந்தப் புற்றுநோய் மேலை நாடுகளைவிட அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டென்மார்க்கைப் பார்க்க வேண்டும். அங்கே ஆண்களில் பெரும்பாலோருக்கு முன்தோல் அப்படியே இருக்கிறது. 1943 முதல் 1990 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, அந்நாட்டில் இந்தப் புற்றுநோய் குறைந்துகொண்டே வந்தது தெரிந்தது. கத்தி இல்லாமலே நோய் குறைந்தது. வீட்டுக்குள் குளியலறை வந்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

'பயனில்லை' என்ற குற்றச்சாட்டு

முன்தோல் குழந்தைப் பருவத்தில் மொட்டையும் சிறுநீர்த் துளையையும் மலம், சிறுநீர், ஈரத்துணி, டயாப்பர் ஆகியவற்றின் உராய்விலிருந்து காக்கிறது. பிறந்தவுடன் முன்தோல் நீக்கப்பட்ட குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீர்த் துளை சுருங்கிப்போவது அறியப்பட்ட பின்விளைவு; காவல் இழந்த துளை திரும்பத் திரும்ப உராய்ந்து புண்ணாவதே அதற்குச் சொல்லப்படும் முதன்மையான விளக்கம். வளர்ந்தவர்களில் முன்தோல் மொட்டின் பரப்பை ஈரமாகவும் மென்மையாகவும் வைத்திருக்கிறது, விறைப்பின்போது தேவைப்படும் கூடுதல் தோலைத் தருகிறது, தொடுவுணர்வில் பங்கெடுக்கிறது.

இன்னொரு பயன் அறுவை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஹைப்போஸ்பேடியாஸ் என்ற பிறவிக் குறைபாட்டில் சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருக்கும். முன்தோலும் மேற்பக்கத்தில் மட்டும் முக்காடு போட்டதாகத் தெரியும். அதைச் சீர்செய்யும் அறுவைக்கு முன்தோல் தேவைப்படலாம். ஆகவே அந்தக் குழந்தைக்கு முன்னதாக முன்தோலை நீக்கவே கூடாது.

மறுப்பு எழுதுகிறவர்களும் மிகைப்படுத்தக் கூடாது. முன்தோலில் இருபதாயிரம் நரம்பு முனைகள் இருப்பதாக ஓர் எண் உலவுகிறது. அப்படி யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. முன்தோல் நீக்கிக்கொண்ட பெரியவர்களின் தாம்பத்திய வாழ்க்கை கெட்டுவிடும் என்பதற்கும் பெரிய ஆய்வுகளில் ஆதரவு இல்லை. முன்தோலைக் காப்பாற்றப் பொய்க்கணக்கு தேவையில்லை. நலமாக இருக்கும் உறுப்பை வெட்டச் சொல்பவரிடம்தான் காரணம் கேட்க வேண்டும். வைத்திருப்பதற்குக் காரணம் கேட்கக் கூடாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்கள்

முன்தோல் நீக்கத்தை மருத்துவமாக்கிய வரலாறு பெருமைக்குரியதல்ல. 1870இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற எலும்பு மருத்துவர் லூயிஸ் சேயர், கால் வளைந்து நிற்க முடியாத ஐந்து வயதுச் சிறுவனின் நோய்க்கு முன்தோல் இறுக்கமே காரணம் என்று முடிவுசெய்து அதை நீக்கினார், குணமானதாக அறிவித்தார். அதன்பின் வலிப்பு முதல் படுக்கையில் சிறுநீர் கழிப்பது வரை எல்லாவற்றுக்கும் இதுவே மருந்தாகச் சொல்லப்பட்டது. அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஆனால் இன்றைய வாதங்கள் அவ்வளவு எளியவை அல்ல. அவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது எச்.ஐ.வி. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த ஆய்வுகளில், முன்தோல் நீக்கிக்கொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றுவது ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. அதன் அடிப்படையில் 2007இல் உலக சுகாதார நிறுவனமும் யு.என்.எய்ட்ஸ் அமைப்பும், தொற்று மிக அதிகமாகப் பரவியிருந்த நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தன. இது உண்மை. ஆனால் அந்தப் பரிந்துரை கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் தீவிரமான பரவலுக்கானது. ஆய்வில் சேர்ந்தவர்கள் தாமே சம்மதித்த வளர்ந்த ஆண்கள். அதை எடுத்துவந்து தமிழ்நாட்டில் ஒரு மூன்று வயதுச் சிறுவனுக்குப் பொருத்துவது அறிவியல் ஆகாது.

இரண்டாவது சிறுநீர்த் தொற்று. முன்தோல் உள்ள ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றையொட்டிய அளவில் இது வருகிறது, நீக்கினால் குறைகிறது. கணக்கிட்டால், ஒரு தொற்றைத் தடுக்க நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வெட்ட வேண்டியிருக்கும். அந்த ஒரு தொற்றையோ ஆன்டிபயாட்டிக்கால் குணப்படுத்தலாம். சிறுநீரகத்துக்குச் சிறுநீர் பின்னேறும் கோளாறு கடுமையாக உள்ள குழந்தைக்கும், தொற்று திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்கும் கணக்கு மாறும். அங்கே முன்தோல் நீக்கம் நியாயமான சிகிச்சையாகலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் அதை நீட்டுவதுதான் தவறு. 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, பலன்கள் ஆபத்துகளைவிட அதிகம் என்று சொன்னபோதும், எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு அவை பெரிதல்ல என்றே முடித்தது. ஒட்டியிருக்கும் தோலை வலிந்து தள்ளக் கூடாது என்பதில் அந்த அகாடமிக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

எப்போது நோய்

முன்தோல் இறுக்கம் நோயாகவே ஆகாது என்பதல்ல இந்த மறுப்பு. இயல்பான இறுக்கத்துக்கும் நோய்க்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மருத்துவர் மெதுவாகத் தோலைப் பின்னுக்கு நகர்த்தும்போது, இயல்பான முன்தோலின் வாய் மிருதுவாக இருக்கும். இளஞ்சிவப்பு உட்படலம் பூவாக வெளிப்பக்கம் மலரும். நோயுற்ற முன்தோலின் வாய் வெளுத்து, கெட்டித்து, தழும்பு வளையமாக விறைத்து நிற்கும். உட்படலம் வெளியே வராது. லைக்கன் ஸ்கிலரோசஸ் என்ற இந்தத் தழும்பு நோய் ஐந்து வயதுக்கு முன் அரிது. இங்கிலாந்தில் ரிக்வுட்டும் உடனாளர்களும் 1990களில் கணக்கிட்டபோது, பதினைந்து வயதுக்குள் உண்மையான முன்தோல் நோய் வருகிறவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டார்கள். வெட்டப்பட்ட சிறுவர்களின் எண்ணிக்கையோ அதைவிடப் பல மடங்கு.

தழும்பில்லாத இறுக்கம் வளர்ந்த சிறுவனுக்குத் தொந்தரவு தந்தால், மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்பை நான்கு முதல் எட்டு வாரம் வாய்ப் பகுதியில் தடவினாலே பெரும்பாலானவர்களுக்குத் தளர்ந்துவிடும். தழும்பு நோய்க்கும், அடிக்கடி திரும்பும் கடும் தொற்றுக்கும் அறுவை சரியான வழி. அங்கே தயங்கக் கூடாது.

பெரியவர்களில் ஒரு விஷயம் தனியே சொல்லப்பட வேண்டும். அதுவரை சுலபமாக நகர்ந்த முன்தோல் நடுவயதில் திடீரென இறுகி, வாயில் சிறு வெடிப்புகள் தோன்றினால், முதலில் பார்க்க வேண்டியது இரத்தச் சர்க்கரை. சிறுநீரில் கலந்து வரும் சர்க்கரையில் பூஞ்சை செழிக்கிறது. சர்க்கரை நோய் இருப்பதே பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் இந்தப் பூஞ்சைத் தொற்று கூடும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அன்றாடச் சுத்தம்

பச்சைக் குழந்தைக்கு வெளிப்புறத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்தால் போதும். உள்ளே எண்ணெய், பவுடர், பஞ்சு, கிருமிநாசினி எதுவும் வேண்டாம்.

சிறுவனின் தோல் தானே நகரத் தொடங்கியதும், வலிக்காத அளவுக்கு அவனே பின்னுக்கு நகர்த்தி, தண்ணீரில் அலசி, மறுபடி முன்னுக்குக் கொண்டுவரப் பழக்க வேண்டும். முன்னுக்குக் கொண்டுவரும் அந்தக் கடைசி வேலையை மறந்தால்தான் தோல் சிக்கிக்கொள்ளும். பருவ வயதில் இது தினசரிக் குளியலின் பகுதியாக வேண்டும். தந்தை சொல்லிக்கொடுக்கலாம், சொல்லாமல் விடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

பெரியவர்கள் தினம் ஒருமுறை பின்னுக்கு நகர்த்தி அலசி, ஈரம் போகத் துடைத்து, பழையபடி மூட வேண்டும். சோப்பை அளவுக்கு மீறிப் போடுவது உட்படலத்தை வறளவைத்து எரிச்சலை உண்டாக்கும். டெட்டால் கலந்து கழுவுவது அதைவிட மோசம். சிறுநீர் கழிக்கும்போது தோலைச் சற்று நகர்த்திக்கொண்டால் உள்ளே சொட்டுத் தேங்காது.

படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்தப் பின்னுக்குத் தள்ளிய தோலை, பொருத்தி முடித்ததும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். பாராஃபைமோசிஸ் வரும் வழிகளில் இந்த மறதி முக்கியமானது. வீட்டில் குழாயோடு இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர் துடைக்கும்போதெல்லாம் இதைச் சரிபார்ப்பது நல்லது.

இவ்வளவுதான் முன்தோல் கேட்கும் பராமரிப்பு. ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றே: அந்தத் தோலை முதன்முதலில் பின்னுக்கு நகர்த்தும் கை அந்தக் குழந்தையின் கையாகவே இருக்கட்டும்.